விக்கிப்பீடியா அசைன்மென்ட் குடுக்குற ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

சார், மேடம், எல்லாருக்கும் வணக்கம்.

வகுப்புக்காக விக்கிப்பீடியா கட்டுரைய எடிட் பண்ணச் சொல்றீங்கல்ல, அத நிறுத்துங்கன்னு கேக்க இத எழுதல. சொல்லப்போனா இதுவரைக்கும் நான் எழுதின அசைன்மென்ட்லயே முன்னபின்ன தெரியாத ஒருத்தர் உக்காந்து படிச்சு கேள்வி கேட்டது இதுல மட்டும்தான். நான் கேக்குறது மார்க் விஷயம். கடைசி தேதி அன்னிக்குப் போய் நாங்க சேத்தது அப்படியே நிக்குதா, எத்தனை வார்த்தை கூடியிருக்குன்னு எண்ணி மார்க் போடுறீங்க பாருங்க, அத மட்டும் மாத்துங்க.

என் கூடப் படிக்கிற பொண்ணு தட்டான் பத்தின கட்டுரைய எடுத்தா. தட்டானோட இளம்பருவம் தண்ணிக்குள்ளதான் வளரும், கீழுதட்ட சட்டுனு முன்னால நீட்டி இரையப் பிடிக்கும்னு விலங்கியல் புத்தகத்தோட பக்க எண் போட்டு எழுதினா, அது அப்படியே நின்னுச்சு. ஆனா அதுக்கு மேல விஷயம் கிடைக்கல, வார்த்தைக் கணக்கு பாதி கூட வரல, அதனால 'இயற்கையின் அற்புதப் படைப்பு', 'பலராலும் ரசிக்கப்படும் பூச்சி'ன்னு ஊத்தி நிரப்பினா. யாரு ரசிக்கிறாங்க, சான்று எங்கன்னு கேட்டு ஒருத்தர் மொத்தமா எடுத்துட்டார். அவர் செஞ்சது சரிதான். நீங்க அதுக்கு மார்க்கக் குறைச்சதுதான் எனக்குப் புரியல. நீங்க கேட்ட நீளத்துக்காக எழுதினது, விக்கிக்கு ஆகாதுன்னு போச்சு, ரெண்டுக்கும் நடுவுல மாட்டினது அவ.

இத்தனைக்கும் அங்க எதுவும் காணாமப் போறதில்ல. 'வரலாறு' பக்கத்தத் திறந்தா யாரு எப்ப என்ன சேத்தாங்க, எத்தனை பைட் கூடுச்சு குறைஞ்சுச்சு எல்லாம் வரிசையா இருக்கும், ரெண்டு பதிப்ப பக்கத்துல பக்கத்துல வச்சு ஒப்பிடலாம், அடுத்தவர் எடுத்துட்டாலும் நாங்க எழுதினது அங்க கிடக்கும். கட்டுரையப் பத்தி விவாதிக்கிறதுக்குன்னு இருக்குற பேச்சுப் பக்கத்துல, எடுத்தவர்கிட்ட நாங்க எப்படிப் பேசினோம்ங்கறதும் இருக்கும், எனக்குக் கேட்டா அதுக்குத்தான் பாதி மார்க் போடணும். ஒண்ணு, கட்டுரையையே நீக்கிட்டாங்கன்னா வரலாறு நிர்வாகிகளுக்கு மட்டும்தான் தெரியும். அதனால எடுத்த எடுப்புல புதுக் கட்டுரை தொடங்கச் சொல்லாதீங்க, மணல்தொட்டிங்கற பயிற்சிப் பக்கத்துல எழுதிப் பழகிட்டு ஏற்கனவே இருக்குற குறுங்கட்டுரை எதையாவது வளர்க்கச் சொல்லுங்க.

கடைசி நாள் ராத்திரி கூத்து வேற. மார்க் போயிடுமேன்னு எடுத்ததத் திரும்பத் திரும்பப் போடுறாங்க. ஆங்கில விக்கில ஒரே பக்கத்துல 24 மணி நேரத்துக்குள்ள 3 தடவைக்கு மேல மத்தவங்க செஞ்சத மாத்திப் போட்டா தடை விழும்னு விதியே இருக்கு, அத யாரும் எங்களுக்குச் சொல்லல.

முதல் நாள் லேப்ல நடந்ததும் அப்படித்தான், எல்லாரும் ஒரே நேரத்துல கணக்கு தொடங்கினா ஒரே இணைப்புலருந்து ஒரு நாளைக்கு 6 கணக்குக்கு மேல விடாது, மிச்சப் பேரு சைட் வேலை செய்யலன்னு நினைச்சு சும்மா உக்காந்திருந்தோம். முந்தின நாளே வீட்லருந்து தொடங்கிட்டு வரச் சொன்னாப் போதும்.

மாணவர்கள்னாலே அங்க கொஞ்சம் சந்தேகமாப் பாக்குறாங்கன்னு வருத்தப்படுறீங்க. 2011ல புனே கல்லூரிகள்ல இதே மாதிரி ஒரு திட்டம் நடந்துச்சு, புத்தகத்துலருந்தும் இணையத்துலருந்தும் காப்பியடிச்சு ஒட்டினது குவிஞ்சு, அத அள்ளிப் போடவே தன்னார்வலர்கள் திணறி, கடைசில திட்டத்தையே நிறுத்திட்டாங்க. சம்பளம் இல்லாம வேலை பாக்குறவங்க அவங்க. இப்ப ஏஐ எழுதினத படிச்சுக்கூடப் பாக்காம ஒட்டுறது வேற, இல்லாத புத்தகத்த எல்லாம் மேற்கோள் காட்டுது அது. அந்த மாதிரி பக்கங்கள உடனே நீக்கலாம்னு 2025ல ஆங்கில விக்கில விதியே கொண்டு வந்துட்டாங்க. வார்த்தைக் கணக்கு இருக்குற வரைக்கும் பசங்க அதத்தான் தேடிப் போவாங்க.

அதனால வார்த்தைக்குப் பதிலா சான்றுக்கு மார்க் போடுங்க. நல்ல சான்றோட மூணு வரி சேத்தாக்கூட முழு மார்க் குடுங்க. அப்புறம் அடுத்த வகுப்புக்கு இத குடுக்குறதுக்கு முன்னாடி நீங்களும் ஒரு கணக்கு தொடங்கி, உங்க பாடத்துல ஒரே ஒரு பத்தி சேத்துப் பாருங்க. யாராவது எடுத்துட்டா பேச்சுப் பக்கத்துல போய்க் கேளுங்க, பதில் சொல்லுவாங்க.

இப்படிக்கு,
அசைன்மென்ட் முடிஞ்சும் எடிட் பண்றத விடாத ஒரு மாணவன்