லிங்கனின் கோடை வீட்டுக்கு நம் பங்கு

(வீடு 2008-இல் பொதுமக்களுக்குத் திறப்பதற்கு முன், பழுதுபார்க்கும் வேலை நடந்துகொண்டிருந்தபோது எழுதிய கடிதம்)

நம் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பின் பெற்றோர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, குழந்தைகள் 14 பேர், பெரியவர்கள் 9 பேர், இரண்டு வேன்களில் கிளம்பி வாஷிங்டன் நகரின் வடபுறம் பெட்வொர்த் பகுதிக்குப் போய் வந்தது உங்களில் பலருக்குத் தெரியும். ஆபிரகாம் லிங்கன் கோடைக்குத் தங்கிய வீடு அங்கே இருக்கிறது. வீடு இன்னும் பொதுமக்களுக்குத் திறக்கவில்லை, பழுதுபார்க்கும் வேலை நடக்கிறது. முன்கூட்டியே கேட்டுவைத்திருந்ததால் எங்களை உள்ளே விட்டார்கள். திரும்பி வரும் வழியெல்லாம் வேனில் ஒரே பேச்சு: இந்த வேலைக்கு நாமும் ஏதாவது கொடுக்கணும். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

அந்த வீடு தனியாக நிற்கவில்லை. ஓய்வுபெற்ற படைவீரர்களுக்கான இல்லத்தின் வளாகத்துக்குள் இருக்கிறது. இன்றும் அங்கே முதியவர்கள் வசிக்கிறார்கள், அதனால் வாசலில் எல்லாருடைய அடையாள அட்டையையும் பார்த்துவிட்டுத்தான் விடுகிறார்கள். உள்ளே போனதும் மேடு, பெரிய மரங்கள், நல்ல காற்று. ஜார்ஜ் ரிக்ஸ் என்ற வங்கிக்காரர் 1842-இல் தன் குடும்பத்துக்காகக் கட்டிய வீடு அது. 1851-இல் அந்த நிலத்தை அரசு வாங்கிப் படைவீரர் இல்லத்துக்குக் கொடுத்தது. கூரான முகடுகள், மரத்தில் செதுக்கிய ஓரங்கள், வெளியே கரடுமுரடான சாந்துப் பூச்சு. பேரில்தான் 'காட்டேஜ்', உள்ளே 34 அறைகள்.

"லிங்கன் வீடு வெள்ளை மாளிகைதானே, இது எதுக்கு?" என்று நம் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. வாஷிங்டன் ஆகஸ்ட் எப்படி இருக்கும் என்று நமக்குச் சொல்லவே வேண்டாம். சென்னைக்காரர்களே அங்கலாய்க்கிற புழுக்கம். அப்போது வெள்ளை மாளிகையில் வேலை கேட்டும் சிபாரிசு கேட்டும் காலையிலிருந்தே ஆட்கள் மாடிப்படி வரைக்கும் நிற்பார்களாம். அதெல்லாவற்றுக்கும் மேலே, 1862 பிப்ரவரியில் அவருடைய 11 வயது மகன் வில்லி அந்த மாளிகையிலேயே காய்ச்சலில் இறந்துபோனான். அந்த வருஷக் கோடையில் குடும்பம் இந்த மேட்டு வீட்டுக்கு வந்தது. 1863, 1864 கோடைகளிலும் வந்தார்கள். மொத்தமாகக் கூட்டினால் பதவிக்காலத்தில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு நாட்கள்.

அந்தக் காலத்து மதராஸ் கவர்னர்கள் வெயில் வந்தால் ஆபீசையே மூட்டை கட்டிக்கொண்டு ஊட்டிக்குப் போன கதை நமக்குத் தெரியும். லிங்கன் போனது மூன்றே மைல். காலையில் குதிரையிலோ வண்டியிலோ வெள்ளை மாளிகைக்கு, சாயங்காலம் திரும்ப வீட்டுக்கு. நம்மில் பாதிப்பேர் நகரைச் சுற்றியுள்ள பெல்ட்வே சாலையில் படுகிற பாடுதான், என்ன, அவருக்கு வழியில் துப்பாக்கிக் குண்டும் இருந்தது. 1864 ஆகஸ்டில் ஒரு ராத்திரி தனியாகக் குதிரையில் வந்தவர் தலையில் தொப்பி இல்லாமல் வந்து சேர்ந்தாராம். பிறகு கண்டெடுத்த அந்தத் தொப்பியில் குண்டு துளைத்திருந்ததாகக் காவலுக்கு நின்ற சிப்பாய் சொல்லியிருக்கிறார். அன்று முழுவதும் குழந்தைகள் பேசியது இந்தத் தொப்பியைப் பற்றித்தான்.

பெரியவர்களை நிறுத்தியது வேறொன்று. வீட்டுக்குப் பக்கத்திலேயே ராணுவக் கல்லறை. உள்நாட்டுப் போர் தொடங்கிய 1861-இலேயே அங்கே புதைக்கத் தொடங்கிவிட்டார்கள், 1864-க்குள் 5,000-க்கும் மேற்பட்ட கல்லறைகளால் அந்த இடம் நிரம்பிவிட்டது. காற்று வாங்க வந்த மனிதர் பார்த்த பக்கமெல்லாம் புதுமண் மேடுதான். அடிமை விடுதலைப் பிரகடனத்துக்கு அவர் வரைவு எழுதித் திருத்திக்கொண்டிருந்த 1862 கோடையில் தங்கியிருந்தது இந்த வீட்டில். அந்த செப்டம்பர் 22-இல் முன்னறிவிப்பு வந்தது, 1863 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்தது.

எங்களோடு வந்த உயர்நிலைப் பள்ளி மாணவி ஒருத்தி விடவில்லை. "அதே கோடையில்தானே கறுப்பினத் தலைவர்களைக் கூப்பிட்டு, நீங்கள் வேறு நாட்டுக்குக் குடிபோய்விடுவது நல்லது என்று சொன்னார்?" என்றாள். ஆமாம், 1862 ஆகஸ்ட் 14. சுற்றிக்காட்டியவர் மழுப்பவில்லை. இரண்டும் ஒரே மனிதர் ஒரே கோடையில் செய்தவை, இரண்டையும் இங்கே பேசுவோம் என்றார். பணம் கொடுக்கலாம் என்ற எண்ணம் எங்களில் சிலருக்கு அந்த இடத்தில்தான் வந்தது.

சரி, வேலை என்ன நடக்கிறது? வெளிப்புறம் அநேகமாக முடிந்துவிட்டது. உள்ளேதான் பொறுமை தேவைப்படுகிற வேலை. லிங்கன் போன பிறகு இந்த வீடு சும்மா கிடக்கவில்லை. நோயாளிகள் தங்கியிருக்கிறார்கள், படைவீரர்கள் தங்கியிருக்கிறார்கள், அலுவலகமாகவும் இருந்திருக்கிறது. வந்தவர்கள் எல்லாம் ஆளுக்கொரு கோட்டிங் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். நூலக அறையில் ஒரு பெண்மணி மண்டியிட்டு உட்கார்ந்து, சவரக் கத்தி போல் இருந்த ஒரு சின்னக் கத்தியால் மரப்பலகையைச் சுரண்டிக்கொண்டிருந்தார். தீப்பெட்டி அளவுக்கு ஒரு கட்டம். அதில் வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காக வண்ணம், ஒவ்வொன்றும் ஒரு நூல் அகலம், கடைசியில் மரம். ஒரு பூதக்கண்ணாடியைக் கொடுத்து குழந்தைகளை எண்ணச் சொன்னார். எண்ணினார்கள், ஆளுக்கு ஒரு கணக்கு வந்தது. எவ்வளவு நேரமாக இந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள் என்று கேட்டேன். "காலையிலிருந்து" என்றார். அப்போது மணி இரண்டரை.

மாடிப்படியின் மரக் கைப்பிடி பழையதே. அதைத் தொடலாம் என்றதும் 14 பேரும் வரிசையில் நின்று, பிள்ளையாருக்கு எண்ணெய் தடவுகிற மாதிரி தடவிவிட்டு வந்தார்கள்.

வேலை முடிந்தாலும் வீட்டை மேசை நாற்காலிகளால் நிரப்பப் போவதில்லையாம். லிங்கன் இங்கே பயன்படுத்திய எழுதுமேசை இப்போது வெள்ளை மாளிகையில் இருக்கிறது. அறைகளைப் பெரும்பாலும் காலியாகவே விட்டு, அங்கே நடந்ததைப் பேச்சாலும் குரல் பதிவாலும் சொல்லப்போகிறார்கள். எங்களில் ஒருவருக்கு இது ஏமாற்றமாக இருந்தது, "காலி வீட்டைப் பார்க்கவா இவ்வளவு தூரம்?" என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சாமான் இல்லாத வீட்டில் சுவரும் ஜன்னலும் கைப்பிடியும்தான் பார்க்கக் கிடைப்பவை. அவற்றைச் சரியாகச் செய்யாவிட்டால் அங்கே காட்ட எதுவுமே இருக்காது. அந்தப் பெண்மணி காலையிலிருந்து ஒரே கட்டத்தில் உட்கார்ந்திருந்ததன் காரணமும் அதுதான்.

வேனிலேயே இரண்டு ஆட்சேபணைகள் வந்தன. இப்போது உங்கள் மனதிலும் அவை இருக்கலாம்.

முதலாவது: "அமெரிக்க அரசாங்கத்திடம் இல்லாத பணமா?" அதிபர் கிளிண்டன் 2000-இல் இந்த இடத்தைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார், உண்மைதான். அதே வருஷம்தான் நாட்டில் அழிவின் விளிம்பில் இருக்கும் 11 இடங்களின் பட்டியலிலும் இது இருந்தது. அறிவிப்பு வந்ததால் மட்டும் வேலை நடந்துவிடவில்லை. வரலாற்றுப் பாதுகாப்புக்கான தேசிய அறக்கட்டளை என்ற தனியார் அமைப்புதான் பொறுப்பெடுத்து, அங்கே இங்கே கேட்டுத் திரட்டி, ஒவ்வொரு அறையாக முடித்துக்கொண்டு வருகிறது.

இரண்டாவது கொஞ்சம் காரமானது: "எங்க ஊர்க் கோயில் மண்டபமே ஓடு சரிஞ்சு கிடக்கு, லிங்கன் வீட்டுக்கு நான் எதுக்குக் கொடுக்கணும்?" இதைக் கேட்டவரிடம் எங்களுக்குக் கோபமே இல்லை, அவர் கேட்டது நியாயம். கோயிலுக்கு எடுத்துவைத்திருக்கிற பணத்தைத் தொடாதீர்கள். ஆனால் நம் பிள்ளைகளுக்கு ஊர் என்றால் இதுதான். பள்ளியில் இந்தச் சரித்திரத்தைத்தான் படிக்கிறார்கள், இந்தச் சாலையில்தான் பஸ் ஏறுகிறார்கள். பக்கத்து வீட்டுக் கூரையைத் தூக்குகிறபோது ஒரு கை கொடுக்கிற மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். கேட்டவர், அப்புறம் 20 டாலர் கொடுத்தார். கோயிலுக்கும் அனுப்பப்போவதாகச் சொன்னார்.

இனி கணக்கு. நம் இலக்கு 3,000 டாலர். வகுப்பில் 60 குடும்பங்கள் இருக்கின்றன, ஒரு குடும்பத்துக்கு 50 டாலர் என்று வைத்தால் சரியாக வந்துவிடும். முடிந்தவர்கள் கூடக் கொடுங்கள், முடியாதவர்கள் 5 டாலர் கொடுத்தாலும் நோட்டில் அதே எழுத்தில்தான் பெயர் எழுதுவோம். கொடுக்காதவர்கள் பெயரை எழுத மாட்டோம், கேட்கவும் மாட்டோம். மொத்த வேலைக்கு ஆகும் செலவில் நம்முடையது ஒரு துளி என்று தெரியும். சுரண்டுகிற கத்திக்குச் சாணை பிடிக்கவாவது ஆகட்டும்.

காசோலையை நேராக அறக்கட்டளையின் பெயரிலேயே எழுதுங்கள், குழுவின் பெயரில் வேண்டாம். சில வருஷங்களுக்கு முன் வேறொரு வசூலுக்கு நம்மில் பலர் கொடுத்துவிட்டு இன்றுவரை ரசீது பார்க்கவில்லை. அந்தக் கசப்பு எங்களுக்கும் உண்டு. இந்த முறை ரசீது அவர்களிடமிருந்தே உங்கள் வீட்டுக்கு வரும், வரிக்கழிவுக்கும் அது உதவும். ரொக்கமாகத் தருபவர்களுக்கு மட்டும் நாங்கள் கையெழுத்திட்டுச் சீட்டு கொடுப்போம். சேர்ந்த ரொக்கத்தை ஒரே காசோலையாக்கி, அதன் நகலை வகுப்பறைக் கதவில் ஒட்டுவோம். இந்த வசூலில் காபிக்கோ பெட்ரோலுக்கோ ஒரு காசு எடுக்க மாட்டோம்.

வரும் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளிலும் வகுப்பு இடைவேளையில் சுண்டலும் மசால் வடையும் விற்கப்போகிறோம், அந்தப் பணமும் இதில் சேரும். சுண்டலுக்கு ஆள் கிடைத்தாயிற்று. வடை போட இரண்டு பேர் தேவை. எண்ணெய்ச் சட்டியைக் கண்டு பயப்படாதவர்களாக இருந்தால் நல்லது.

நம் பெயரைக் கல்லில் பொறிப்பார்களா என்று ஒருவர் கேட்டார். மாட்டார்கள், நாங்களும் கேட்கவில்லை.

முதல் பயணத்தில் இடம் கிடைக்காதவர்களுக்காக, வேலை முடிவதற்குள் இன்னொரு முறை போக அனுமதி கேட்டிருக்கிறோம். 15 பேருக்கு இடம் கிடைக்கலாம், பணம் கொடுத்தவர், கொடுக்காதவர் என்ற பேதம் கிடையாது. பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் இந்த ஞாயிறு வகுப்பு முடிந்ததும் வாசல் மேசையில் எழுதிவிட்டுப் போங்கள். செருப்பு வேண்டாம், மூடிய ஷூ கட்டாயம். தரையில் ஆணிகள் கிடக்கின்றன.

அன்புடன்,
பெற்றோர் குழுவினர்