உன் விரல் வலியும் என் முட்டி வலியும் ஒண்ணு இல்லடி

செல்வி,

எப்படி இருக்க. அன்னைக்கு போன்ல உன் பேரன் போட்ட சத்தத்துல பாதி காதுலயே விழல, அதான் உக்காந்து எழுதுறேன். இங்க வாய்க்கால் வரைக்கும் தண்ணி வந்துருச்சு, குறுவை நடவு பாதி முடிஞ்சிருக்கு, மிச்சத்துக்கு ஆள் கிடைக்காம மிஷின் சொல்லிருக்காரு இவரு. நான் வரப்புல ஸ்டூல் போட்டு உக்காந்து அதட்டுறதோட சரி, சேத்துல இறங்குறதெல்லாம் போன வருஷத்தோட போச்சு.

நீ சொன்னது ஒண்ணு மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு. காலையில கோலமாவு விரல்ல நிக்கல, இழை இழுக்குறதுக்குள்ள கொட்டிப்போவுது, ஒம்பது மணி ஆனாத்தான் கை மடங்குதுன்னியே, ரெண்டு கையுமேன்னு வேற சொன்ன. அப்புறம் "உனக்கு முட்டி, எனக்கு விரல், வயசாச்சுல்ல"ன்னு சிரிச்ச. சிரிக்காதடி.

என்னை பாத்த டாக்டர் முதல்ல கேட்டதே, எந்திரிச்சதும் விறைப்பு எவ்ளோ நேரம் இருக்குன்னுதான். எனக்கு பத்து நிமிஷம், ரெண்டு நடை நடந்தா சரியாயிடும். அது தேய்மானம், எலும்பு முனையில இருக்குற குருத்தெலும்பு தேயுறது, அதுக்கு ரத்த ஓட்டம் கிடையாதாம், அதனால போனது அவ்வளவா திரும்பாது. ஒரு மணி நேரத்துக்கு மேல விறைச்சு, ரெண்டு கையிலயும் சின்ன மூட்டெல்லாம் வீங்கினா அது முடக்கு வாதமா இருக்கலாம். நம்ம உடம்போட எதிர்ப்பு சக்தியே மூட்டு சவ்வை தாக்குற வியாதி அது, சின்ன வயசுலயும் வரும். விட்டுட்டா விரல் கோணிரும், சீக்கிரம் மருந்து ஆரம்பிச்சா பெரும்பாலும் காப்பாத்திடலாம்.

என் நாத்தனாருக்கு அதான். ஆர்ஏ ஃபேக்டர், ஆன்டி சிசிபின்னு ரத்தம் எடுத்துப் பாத்தாங்க. மெத்தோட்ரெக்சேட்னு ஒரு மாத்திரை, வாரத்துக்கு ஒரே நாள்தான், தினம் போட்டா உயிருக்கே ஆபத்துன்னு காலண்டர்ல ஞாயித்துக்கிழமையெல்லாம் சிவப்பு பேனாவால சுழிச்சு வச்சிருக்கா. கூட ஃபோலிக் ஆசிட், அப்பப்ப ரத்த டெஸ்ட்.

நான் பண்ண கூத்தை நீ பண்ணாத. மெடிக்கல்ல கேட்டு வலி மாத்திரை வாங்கி ரெண்டு மாசம் முழுங்கினேன், வலி போச்சுதான், கால் ரெண்டும் வீங்கி பிபி ஏறி நின்னுச்சு. கிட்னிக்கும் வயித்துக்கும் ஆகாதுன்னு டாக்டர் திட்டுன திட்டு இருக்கே, இவரு முன்னாடி வேற.

இப்ப எனக்கு உதவுறது, நாற்காலியில உக்காந்து காலை நேரா நீட்டி பத்து எண்ணி இறக்குறது, தொடை சதை பலமானா முட்டி மேல பாரம் குறையும். ஒரு கிலோ எடை குறைஞ்சா ஒவ்வொரு அடிக்கும் முட்டிக்கு நாலு கிலோ பாரம் குறையுதாம், அதைக் கேட்டதுலேருந்து ராத்திரி சோறு பாதிதான். அருவாமனையை மேடையில ஏத்தியாச்சு. கம்பை மட்டும் ரொம்ப நாள் தப்பா பிடிச்சிருந்தேன், வலது முட்டி வலிச்சா இடது கையில பிடிக்கணுமாம், யாருக்குத் தெரியும். முடக்கத்தான் தோசை ஊத்திக்கோ, ருசியா இருக்கும், ஆனா அதை நம்பிக்கிட்டு டாக்டர்கிட்ட போவாம இருந்துராத.

தஞ்சாவூர்லயோ திருச்சியிலயோ வாத டாக்டரா பாரு, இந்த வாரமே. டோக்கன் வாங்கினதும் போன் பண்ணு, சாயங்காலமா பண்ணு, மத்தியானம் வயல்ல சிக்னல் வராது.

வசந்தா