மிதவை எண்களைப் பகிரும் முன்

குழுவினருக்கு வணக்கம். ஐப்பசி மழை நெருங்குவதால் வங்கக்கடலில் காற்று, அழுத்தம், வெப்பநிலை அளக்கும் மிதவைக் கருவிகளின் எண்களை இனி தினமும் பகிர்வோம். குன்னூர், கோத்தகிரிப் பக்கத்தை நனைப்பது பெரும்பாலும் அந்தக் கடல்தான்.

நேரம் யுடிசியில் (உலகப் பொது நேரம்) இருக்கும், இந்திய நேரத்துக்கு 5 மணி 30 நிமிடம் கூட்டி எழுதுங்கள். சென்னை தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் நங்கூர மிதவைகளில் காற்றுமானி சுமார் 3 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. வானிலை அறிக்கையின் 10 மீட்டர் காற்றோடு ஒப்பிட, ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள்.

காற்றழுத்தத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறோம். புயல் ஏதும் இல்லாத நாளிலும் காலை 10 மணிக்கும் மாலை 4 மணிக்கும் இடையே 3 ஹெக்டோபாஸ்கல் போல இறங்கும். இரவு மறுபடி ஏறிவிடும். 1010 இருந்தது 1007 ஆனதும் ‘தாழ்வு வந்தாச்சு’ என்று போட்டுவிடாதீர்கள். நேற்று இதே மணிக்கு என்ன இருந்தது என்று பாருங்கள். ஊட்டியில் வீட்டு பாரோமீட்டர் 780 காட்டுவது உயரத்தால். கடல்மட்டத்துக்குத் திருத்தாமல் பக்கத்தில் வைக்க வேண்டாம்.

மிதந்து நகரும் வகை: 15 மீட்டர் ஆழத்தில் தொங்கும் ஓட்டை போட்ட துணிக்குழாய் இருக்கும்வரைதான் நீரோட்டத்தோடு போகும். அது அறுந்தால் காற்று தள்ளும், வேகம் பொய் சொல்லும். தரவில் அதற்குக் குறியீடு உண்டு. வெப்பநிலையை அப்போதும் நம்பலாம்.

நங்கூர மிதவை ஒரே திசையில் விலகிக்கொண்டே போனால் கயிறு அறுந்திருக்கும் (அடியில் மீன் கூடுவதால் படகுகளை அதில் கட்டுவதும் உண்டு). விடுபட்ட மணியைக் காலியாகவே விடுங்கள். சராசரி போட்டு நிரப்ப வேண்டாம்.