கரன்ட்டுக்கு ஏது ஆன்டிவைரஸ்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழின் தொழில்நுட்பக் கேள்வி-பதில் பகுதியில், முன்பின் தெரியாதவர்களின் பென்டிரைவைக் கணினியில் செருகலாமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். கூடுமானவரை செருக வேண்டாம், செருகித்தான் ஆக வேண்டும் என்றால் நல்ல ஆன்டிவைரஸ் இருந்தால் பயமில்லை என்று பதில் போட்டிருக்கிறீர்கள். ஒன்றரை வரிதான். அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நான் மன்னார்குடியில் 22 வருடமாக ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். முன்பின் தெரியாதவர்களின் பென்டிரைவைச் செருகுவதுதான் ஐயா என் தொழில். தெரிந்தவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, காசை அடுத்த மாதம் தருகிறேன் என்று போய்விடுவார்கள். ரொக்கம் கொடுப்பவர் எல்லாம் தெரியாதவர்தான். டிஎன்பிஎஸ்சி விண்ணப்பத்துக்கு 50 கேபிக்குள் போட்டோ வேண்டும் என்று ஒரு பையன் 64 ஜிபி பென்டிரைவைச் சாவிக்கொத்தோடு நீட்டுவான். அதில் ஒட்டியிருக்கும் திருநீற்றைத் துடைத்துவிட்டுச் செருகுகிறேன். "செருகாதே" என்று தாங்கள் சொல்வது, ஆட்டோக்காரரிடம் முன்பின் தெரியாதவரை ஏற்றாதே என்று சொல்வது போல இருக்கிறது.

அதுகூடப் போகட்டும். 'ஆன்டிவைரஸ் இருந்தால் பயமில்லை' என்ற இடத்தில்தான் எனக்கு வயிறு எரிகிறது. யூஎஸ்பி வயரை உரித்துப் பார்த்தால் உள்ளே சிவப்பு, கறுப்பு, பச்சை, வெள்ளை என்று நாலு கம்பி இருக்கும். சிவப்பும் கறுப்பும் கரன்ட், 5 வோல்ட். பச்சையும் வெள்ளையும் டேட்டா. செருகும் முனையை உற்றுப் பார்த்தால் ஓரத்தில் உள்ள இரண்டு தகடும் நடுவில் உள்ளவற்றைவிடக் கொஞ்சம் நீளமாக இருக்கும். அவை கரன்ட் தகடுகள். முதலில் கரன்ட் தொட வேண்டும், பிறகுதான் டேட்டா தொட வேண்டும் என்று அப்படிச் செய்து வைத்திருக்கிறார்கள். ஆக, பென்டிரைவில் உள்ள ஃபைல் எட்டிப் பார்ப்பதற்கு முன்பே கரன்ட் கைகுலுக்கிவிடுகிறது. ஆன்டிவைரஸ் ஃபைலைப் பார்க்கும். கரன்ட்டை எப்படிப் பார்க்கும்? இதெல்லாம் தங்களுக்குத் தெரியாததா என்ன. தெரிந்தும் அந்த வரியை விட்டீர்களே என்பதுதான் என் ஆற்றாமை.

என் கதையைச் சொல்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் ஆவணி மாதம், முகூர்த்த சீசன். கல்யாணப் பத்திரிகை டிசைனுக்கென்றே வாங்கிய சிஸ்டத்தில் வேலை ஓடிக்கொண்டிருந்தது. ஒரு போட்டோ ஸ்டுடியோ பையன் பெரிய எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கோடு வந்தான். தனியாக அடாப்டர் போட்டால்தான் ஓடும் ரகம், 12 வோல்ட் கேட்கும். அவன் அவசரத்தில் எடுத்து வந்தது லேப்டாப் சார்ஜர், 19 வோல்ட். பின் அளவு என்னவோ அச்சாகப் பொருந்திவிட்டது. அடாப்டரை மாட்டி, கேபிளை என் சிஸ்டத்தில் செருகி, சுவிட்சைப் போட்டான். 'டப்' என்று ஒரு சத்தம். மழைக்காலத்தில் ஈரச்சுவரில் மெயின் போர்டு கருகுமே, அந்த வாசனை. திரை இருட்டு. பெட்டிக்குள் இருந்த சர்க்யூட் செத்து, 12 வோல்ட்டுக்கு மேல் வந்ததையெல்லாம் யூஎஸ்பி வழியாக என் போர்டுக்கு அனுப்பிவிட்டிருந்தது. கணினியிலிருந்து கரன்ட் வெளியே போகத்தான் அந்த வழி. அதிலேயே வெளியிலிருந்து உள்ளே வந்தால் தடுக்கப் பெரிதாக ஒன்றும் இல்லை.

ஆன்டிவைரஸ் இருந்ததா என்றால், இருந்தது. காசு கட்டி வாங்கிய ஒரிஜினல். இன்னும் ஏழு மாதம் பாக்கி இருந்தது.

மதர்போர்டும் பிராசசரும் சேர்ந்து போய்விட்டன. முன்பெல்லாம் செருகும் துளையோடு (போர்ட்) போகும், தனிக் கார்டு ஒன்று போட்டுச் சமாளிப்போம். இப்போதைய போர்டுகளில் டேட்டா கம்பி இரண்டும் நேராக மதர்போர்டின் முக்கியச் சிப்பான சிப்செட்டுக்குப் போகின்றன, சில லேப்டாப்புகளில் பிராசசருக்கே போகின்றன. வழியில் ஒரு சின்ன டயோடு காவல் இருக்கும். நம் விரல் நுனியிலிருந்து பாயும் கண நேர ஸ்டாட்டிக்கைத் தாங்கத்தான் அதற்குச் சக்தி. தொடர்ந்து அடிக்கிற கரன்ட்டை அது எங்கே தாங்கும்? செலவு 31,500 ரூபாய். ஹார்டு டிஸ்க் பிழைத்தது. ஆனால் டிசைன்களை மீட்க மூன்று நாள் ஆனது. பெண்ணின் அப்பா ஒருவர் கடை வாசலில் நின்று, "என் பொண்ணு கல்யாணத்தக் கரன்ட்ல வுட்டுட்டியேப்பா" என்று கத்தியது எதிர்க் கடை வரைக்கும் கேட்டது. அவரிடம் நான் என்ன சொல்ல? ஸ்டுடியோ பையனுக்கு வயது பத்தொன்பது. அவனிடம் என்ன வாங்க?

வாரன்டி இருக்கிறதே என்று சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு போனேன். பெயர் வேண்டாம். கவுன்டரில் இருந்த பெண், "சார், இது பிசிகல் டேமேஜ், கவர் ஆகாது" என்றார். இன்சூரன்ஸில் மின்னல் உண்டா என்று கேட்டேன், உண்டாம். பென்டிரைவ் உண்டா என்றேன். சிரித்தார்கள்.

இது தெரியாமல் நடந்தது. தெரிந்தே இந்த வேலையைச் செய்வதற்கென்றே ஒரு கருவி இருக்கிறது. 2015-இல் ஒரு ரஷ்யக்காரர் செய்து காட்டினார், அப்புறம் 'யூஎஸ்பி கில்லர்' என்று கடைச்சரக்காகவே வந்துவிட்டது. பார்க்கச் சாதாரணப் பென்டிரைவ். செருகியதும் நம் கணினி தருகிற அதே 5 வோல்ட்டைக் குடித்து, கரன்ட்டைச் சேமிக்கும் கெப்பாசிட்டரில் சேர்த்து, 200 வோல்ட் அளவுக்கு ஏற்றி, டேட்டா கம்பியில் திருப்பி அடிக்கும். ஒரு தடவையோடு விடாது. ஒரு விநாடிக்குள்ளேயே பல முறை, போர்டு சாகும் வரை. பாம்புக்குப் பால் வார்த்த கதைதான். பால் டம்ளரையும் நாமே கொடுக்கிறோம். 2019 பிப்ரவரி 14 அன்று அமெரிக்காவில் ஆல்பனி நகரக் கல்லூரி ஒன்றில், அங்கே படித்து முடித்த நம் நாட்டு இளைஞர் ஒருவர் இதை வைத்து 66 கணினிகளைச் சாகடித்தார். நஷ்டம் 58,471 டாலர், தண்டனை 12 மாதம் சிறை. அந்தக் கல்லூரியில் ஆன்டிவைரஸ் இல்லாமலா இருந்திருக்கும்?

இன்னொன்று தங்கள் தொழிலைச் சேர்ந்தது. 2023 மார்ச்சில் ஈக்குவடார் நாட்டில் பத்திரிகையாளர்கள் சிலருக்கு உறையில் பென்டிரைவ் வந்தது. குவாயாகில் நகரில் ஒரு டிவி செய்தியாளர் அதைத் தன் கணினியில் செருகினார். வெடித்துவிட்டது. கையிலும் முகத்திலும் காயம், நல்லவேளை பெரிதாக இல்லை. செருகியபோது கிடைத்த மின்சாரமே அதைக் கிளப்பியிருக்கலாம் என்று போலீசார் சொன்னார்கள். தங்கள் அலுவலகத்துக்கும் தினமும் உறைகள் வருகின்றன அல்லவா? கேள்வி-பதில் எழுதுபவரைக் கூப்பிட்டுப் பிரிக்கச் சொல்லுங்கள்.

அந்தப் பதிலின் கடைசியில், 'கிராமப்புறங்களில் இது குறித்த விழிப்புணர்வு போதவில்லை' என்று ஒரு வாலும் இருந்தது. அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழக வளாகத்தில் 297 பென்டிரைவ்களை வேண்டுமென்றே கீழே போட்டுவைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். கிட்டத்தட்ட பாதியை யாரோ ஒருவர் எடுத்துப் போய்ச் செருகி உள்ளே இருந்த ஃபைலைத் திறந்துவிட்டார்கள். முதலாவது ஆறே நிமிடத்தில். ஏன் செருகினீர்கள் என்று கேட்டால், உரியவரிடம் சேர்க்கத்தான் என்று பெரும்பாலோர் சொன்னார்களாம். அது எந்தக் கிராமப்புறம் ஐயா? தவறினால் நாங்கள் பாமரர்கள், அவர்கள் செய்தால் அது ஆய்வு.

இந்தப் பகுதியின் மேல் எனக்குப் பழைய மனத்தாங்கலும் உண்டு. பென்டிரைவுக்குச் சில வாரம் 'விரலி' என்று எழுதுகிறீர்கள். தமிழ் வளரட்டும், மகிழ்ச்சி. ஆனால் 'விரலியை வெப்பமான இடத்தில் வைக்காதீர்கள்' என்று போன வருடம் பெட்டிச்செய்தி போட்டபோது, என் வீட்டுக்காரி மஞ்சள் டப்பாவை அடுப்பு மேடையிலிருந்து நகர்த்தி வைத்தார். பொய்யில்லை. அதே இணைப்பில், ஜெராக்ஸ் கடைகள் பிரின்ட்டுக்கு ஒரு பக்கம் 10 ரூபாய் 'கொள்ளையடிக்கின்றன' என்று ஒரு கட்டுரையும் வந்தது. டோனர் விலை தெரியுமா, பேப்பர் பண்டில் விலை தெரியுமா, வோல்டேஜ் ஏறி இறங்குவதில் வருடத்துக்கு எத்தனை யூபிஎஸ் பேட்டரி போகிறது தெரியுமா என்று பதில் கடிதம் எழுதினேன். நான்கு பக்கம். தாங்கள் வெளியிட்டது மூன்று வரி. அதிலும் 'டோனர்' என்பது 'டோனார்' ஆகியிருந்தது. இரத்ததானம் செய்கிறேன் என்று நினைத்து இரண்டு பேர் போன் செய்து வாழ்த்தினார்கள்.

சரி, எங்கள் மாதிரிக் கடைக்காரன் என்ன செய்ய முடியும்? நான் செய்வதைச் சொல்கிறேன், வேண்டுமானால் போடுங்கள். காயலான் கடைக்குப் போக வேண்டிய ஒரு பழைய சிஸ்டத்தை வாசல் பக்கம் வைத்திருக்கிறேன். வருகிற பென்டிரைவ் எல்லாம் அதில்தான். அங்கிருந்து நெட்வொர்க் வழியாக உள்ளே இருக்கும் நல்ல சிஸ்டத்துக்கு ஃபைல் வரும். நடுவில் ஒரு ஹப் (ஒரு யூஎஸ்பி துளையைப் பலவாக்கும் பெட்டி) போட்டால் போதுமே என்பார்கள். அது சில சமயம் நமக்காக உயிர்விடும், சில சமயம் அடியை அப்படியே கடத்திவிடும், நம்ப முடியாது. கரன்ட்டையே பிரித்துவிடும் ஐசொலேட்டர் என்று ஒன்று கிடைக்கிறது. நான் பார்த்த வகை விநாடிக்கு 12 மெகாபிட் வேகம்தான். 50 கேபி போட்டோவுக்குப் போதும், கல்யாண வீடியோவுக்கு விடிந்துவிடும். முனை வளைந்த, தகடு நசுங்கிய, கையில் சூடாக இருக்கும் பென்டிரைவை நான் வாங்குவதே இல்லை. ஒருமுறை நசுங்கிய ஒன்றைச் செருகி, 'ஓவர் கரன்ட்' என்று திரையில் எழுத்து வந்து, 15 விநாடியில் அணைத்துவிடுவேன் என்று கணினியே மிரட்டியது. அன்றைக்கு அது என்னைவிடப் புத்திசாலியாக இருந்தது. தனி அடாப்டர் உள்ள எதையும் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டைப் படித்துப் பார்க்காமல் தொடுவதில்லை. அதற்கென்றே மேஜையில் ஒரு பூதக்கண்ணாடி வைத்திருக்கிறேன். வாடிக்கையாளர்கள் ஜோசியம் பார்க்கிறேன் என்று நினைக்கிறார்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த ஞாயிறு, அதே பகுதியில், அதே எழுத்தளவில், 'ஆன்டிவைரஸ் வைரஸைத்தான் பார்க்கும், மின்சாரத்தால் வரும் சேதத்தை அது தடுக்காது' என்று ஒரு வரி போடுங்கள். கடைசிப் பக்கத்தில் ராசிபலனுக்குக் கீழே போட வேண்டாம்.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடைக்காரன், மன்னார்குடி
(பெயர் போட வேண்டாம். சர்வீஸ் சென்டருக்கு நான் இன்னும் போக வேண்டியிருக்கிறது.)

பி.கு.: இதை டைப் செய்து பென்டிரைவில் போட்டுத் தங்கள் ஊர் நிருபரிடம் கொடுத்தேன். "அய்யய்யோ, வேண்டாம் சார், ஆபீஸ்ல செருக விட மாட்டாங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அதனால்தான் தபாலில் வருகிறது.