மேலே வந்ததும் எழுது

அன்புள்ள கயலுக்கு,

நலமா? மூன்று வாரமாக உன் குரலைக் கேட்கவில்லை. வேலை அதிகம் இருக்கும், தெரியும். ஜெனீவாவில் உன் செர்ன் ஆய்வுக்கூடத்துச் சுரங்கத்திலிருந்து மேலே வந்ததும் ஒரு வரி எழுது, போதும்.

அம்மாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. தம்பி விஷயம் நீ சொன்னபடியே ஆயிற்று, அதை அப்புறம் எழுதுகிறேன். முதலில் அந்த ஹீலியம். புரோட்டான்களை மோதவிடும் இயந்திரத்தின் காந்தங்களை ஹீலியத்தால் குளிரவைத்து மைனஸ் 271 டிகிரியில் வைத்திருக்கிறோம் என்று நீ சொன்னபோது பெருமையாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். போன வாரம் 2008 செப்டம்பர் 19 விபத்தைப் பற்றிப் படித்தேன். காந்தங்களுக்கு நடுவில் ஒரே ஒரு மின் இணைப்பு சரியில்லாமல் போய், டன் கணக்கில் ஹீலியம் சுரங்கத்துக்குள் பீறிட்டதாமே. அத்தனை கனமான காந்தங்களே நகர்ந்துவிட்டனவாம். உள்ளே ஆள் இல்லாததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஹீலியம் பரவினால் ஆக்ஸிஜன் குறைவதே ஆளுக்குத் தெரியாதாம். நீ மூச்சுக் கருவியை எடுத்துக்கொண்டுதானே இறங்குகிறாய்? தனியாக இறங்காதே. மேலே வந்ததும் எழுது.

இயந்திரத்தை நிறுத்திப் பெரிய மேம்பாட்டு வேலை செய்கிறார்கள், 2030 வாக்கில்தான் மறுபடி புரோட்டான்களை மோதவிடுவார்கள் என்றும் பார்த்தேன். அதுவரை உன் ஒப்பந்தம்... சரி, நீயே சொல்வாய்.

புரோட்டான்களை மோதவிட 27 கிலோமீட்டர் வளையம் போதாதா, 91 கிலோமீட்டரில் இன்னொன்று எதற்கு, அந்தப் பணத்தில் மருத்துவமனை கட்டலாமே என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். வேர்ல்டு வைட் வெப் 1989இல் செர்னில்தான் பிறந்தது என்றேன். இன்னொருவர் அந்த மோதலில் கருந்துளை உண்டாகிப் பூமியை விழுங்கிவிடும் என்றார். நீ சொல்லித் தந்ததை அப்படியே சொன்னேன்: இதைவிடப் பல மடங்கு ஆற்றலோடு விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் கோடிக்கணக்கான ஆண்டுகளாக நம் காற்றுமண்டலத்தில் மோதிக்கொண்டேதான் இருக்கின்றன, பூமி இன்னும் இருக்கிறது. அந்த மோதல்களின் ஆற்றலை அளக்கிற அலகான ஒரு டெரா எலக்ட்ரான் வோல்ட் என்பது ஒரு கொசு பறக்கிற ஆற்றல்தான் என்றதும் அவர் பேசவில்லை. என் மகள் அங்கே வேலை செய்கிறாள் என்று இரண்டு முறை சொன்னேன்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 2008 செப்டம்பர் 10 நினைவிருக்கிறதா? முதல் புரோட்டான் கற்றையைச் சுற்றவிட்ட நாள். பள்ளியில் தொலைக்காட்சியில் காட்டப்போகிறார்கள் என்று ஒரு வாரமாகக் குதித்துக்கொண்டிருந்தாய். காலையில் உன் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, காய்ச்சல் என்று படுக்கவைத்தேன். அழுதாய். உனக்குக் காய்ச்சலே இல்லை, கயல். உலகம் அழியப்போகிறது என்று செய்தியில் திரும்பத் திரும்பச் சொன்னதை நான் நம்பிவிட்டேன். அழிந்தால் நீ என் கண் முன்னால் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. மத்தியானம் நீ தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டு, இரண்டு பொத்தான்களை எதிரெதிராக உருட்டிக்கொண்டிருந்தாய். நான் கதவோரம் நின்று பார்த்தேன்.

2012 ஜூலையில், தான் முன்பே கணித்துச் சொன்ன துகளைச் செர்னில் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று கேட்டு அந்த முதியவர் ஹிக்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நாம் சேர்ந்துதான் பார்த்தோம். அன்றாவது சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

அதனால், நீ எங்களிடம் எதையாவது மறைத்தால் கோபப்பட எனக்கு உரிமை இல்லை. ஒப்பந்தம் முடிந்துவிட்டதா, கண்ணு?

மேலே வந்ததும் எழுது.

அப்பா