போதிசேனருக்கு, நாராவிலிருந்து

மதிப்பிற்குரிய போதிசேனர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். தென்னாட்டில் பிறந்து, சீனம் போய், அங்கிருந்து கப்பலேறி 736-ல் ஜப்பானில் கரையிறங்கிய பௌத்தத் துறவி நீங்கள். அன்று ஹெய்ஜோ-கியோ என்ற பெயரில் நாட்டின் தலைநகரமாக இருந்த ஊரைத்தான் இன்று நாரா என்கிறார்கள். 710-ல் தலைநகரமான ஊர் அது. 760-ல் நீங்கள் காலமானீர்கள். 784-ல் அரசவை மூட்டைமுடிச்சுகளோடு வேறு ஊருக்குக் கிளம்பிவிட்டது. அதற்கப்புறம் அங்கே என்னென்ன நடந்தது, எது மிஞ்சியது என்று உங்களுக்கு யாராவது சொல்ல வேண்டாமா? இன்று காலையிலிருந்து பொழுது சாயும்வரை அந்த ஊரை நடந்தே பார்த்தேன். பார்த்ததை எழுதுகிறேன்.

தனியாகப் போகவில்லை. உள்ளூரில் தன்னார்வ வழிகாட்டிகள் இருக்கிறார்கள். எனக்கு வாய்த்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், எழுபதைத் தாண்டியவர். கையில் ஒரு கோப்பு, அது நிறைய படங்கள். ரயில் நிலையத்துக்கு வெளியே கியோகி என்ற துறவியின் சிலையருகே நிற்கச் சொல்லியிருந்தார். நானிவா துறைமுகத்துக்கு வந்து உங்களை வரவேற்றாரே, அதே கியோகிதான்! ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் சந்திக்க வேண்டுமென்றால் இன்றும் அவர் காலடியில்தான் காத்திருக்கிறார்கள்.

முதலில் கோஃபுகு-ஜி கோயில். ஐந்தடுக்குக் கோபுரம் பழுதுபார்ப்புக்காக மூடிக் கிடக்கிறது. பரவாயில்லை, நான் பார்க்க ஆசைப்பட்டது உள்ளே காட்சிக்கூடத்தில் இருக்கும் அசுரனை. 734-ல், அரசி கோம்யோ தன் தாயின் நினைவாக எழுப்பிய கூடத்துக்காகச் செய்தது. நீங்கள் வந்தபோது அதற்கு இரண்டு வயது, நிச்சயம் பார்த்திருப்பீர்கள். மூன்று முகம், ஆறு கை. நம் கதைகளில் வரும் அசுரனின் ஆர்ப்பாட்டம் எதுவும் இல்லை. புருவத்தை லேசாக நெரித்து, அழுகையை அடக்கிக்கொள்ளும் பிள்ளையின் முகம். களிமண் உருவின்மேல் மரப்பிசினில் தோய்த்த துணியை அடுக்கடுக்காகச் சுற்றி, காய்ந்ததும் மண்ணைத் தோண்டி எடுத்துவிடுவார்களாம். உள்ளே வெறும் கூடு, எடை மிகக் குறைவு. கோயில் பலமுறை எரிந்தும் இது தப்பியதற்கு அதுதான் காரணம் என்றார் வழிகாட்டி; தீப்பிடித்தால் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாம்.

பூங்காவில் மான்கள் இன்றும் இருக்கின்றன, ஆயிரத்துக்கும் மேல். தலையைக் குனிந்து கும்பிடு போட்டுத் தின்பண்டம் கேட்கின்றன. நம்மூரிலிருந்து வருகிறவர்களில் பலர் இந்த மான்களையும் பெரிய புத்தரையும் பார்த்துவிட்டு மத்தியானமே கியோட்டோ ரயிலைப் பிடித்துவிடுகிறார்கள். எனக்கு அது பெரிய மனக்குறை. உங்களுக்கு எழுதும் கடிதத்தை எல்லோரும் படிக்கிற இடத்தில் வைப்பதும் அதனால்தான்.

டோடை-ஜி கோயிலின் தெற்கு வாசலில், 1203-ல் செதுக்கிய இரண்டு மரக் காவலர்கள் எட்டு மீட்டர் உயரத்துக்கு நிற்கிறார்கள். அவர்களைத் தாண்டினால், நீங்கள் கண் திறந்த பெரிய புத்தர்.

வழிகாட்டி உடனே உள்ளே அழைத்துப் போகவில்லை. வெளியே ஒரு மரத்தடியில் நிறுத்திக் கதையைச் சொன்னார். 735 முதல் 737 வரை பெரியம்மை நாட்டைச் சூறையாடியது. நீங்கள் வந்திறங்கியதே அதன் நடுவில்தான். பஞ்சமும் கலகமும் சேர்ந்துகொள்ள, 743-ல் பேரரசர் ஷோமு இந்தச் சிலைக்கு ஆணையிட்டார். ஒரு புல்லோ ஒரு பிடி மண்ணோ கொண்டுவந்து உதவ நினைப்பவன் இருந்தால் அவனையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அந்த ஆணையில் இருக்கிறது. ஊர் ஊராகப் போய் மக்களைத் திரட்டியவர் கியோகி. அவர் 749-ல் இறந்துபோனார், சிலை முடிந்ததைப் பார்க்கவில்லை.

752-ல் கண் திறப்பு. நம்மூரில் ஸ்தபதி உளியால் செய்வதை இங்கே தூரிகையால் செய்கிறார்கள். அதற்குள் அரியணையைத் துறந்திருந்த ஷோமு உடல் நலிந்திருந்ததால், தனக்குப் பதிலாகத் தூரிகை பிடிக்கும்படி உங்களைக் கேட்டுக்கொண்டார். தூரிகையில் கட்டிய நீலப் பட்டுக்கயிறு கீழே கூட்டத்துக்குள் நீண்டு போக, அதைப் பிடித்திருந்த எல்லோருமே கண் திறந்தவர்கள் ஆனார்கள். கயிற்றின் நீளம் ஏறக்குறைய 200 மீட்டர். இதைச் சொல்லும்போது வழிகாட்டி தன் கையில் ஒரு கயிறு இருப்பதுபோல விரல்களை மடக்கிக்கொண்டார். கடல் கடந்து வந்த ஒருவரை நம்பி அந்த வேலையைக் கொடுத்தார்களே என்று நினைக்கும்போது இப்போதும் மனம் நெகிழ்கிறது.

வருத்தமான செய்தியையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீங்கள் திறந்த கண்கள் இப்போது இல்லை. 855-ல் நிலநடுக்கத்தில் சிலையின் தலை விழுந்தது, செப்பனிட்டார்கள். 1180-ல் போரில் தீ, 1567-ல் மறுபடியும் தீ. அதன் பிறகு நூறாண்டுக்கு மேல் புத்தர் சரியான கூரை இல்லாமல் மழையிலும் வெயிலிலும் இருந்தார். இன்றிருக்கும் தலை 17-ஆம் நூற்றாண்டில் வார்த்தது. மண்டபம் 1709-ல் முடிந்தது, பழையதைவிட அகலம் குறைவு. அப்படியும் அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிறது. உட்கார்ந்த நிலையிலேயே புத்தர் 15 மீட்டர்.

ஆனால் பீடத்துத் தாமரை இதழ்களில் சில உங்கள் காலத்தவை. மேலே போதிசத்துவர்கள் சூழ புத்தர், கீழே அடுக்கடுக்காக உலகங்கள். எல்லாம் வெண்கலத்தில் மயிரிழைக் கோடுகள். பீடத்தில் ஏறிப் பார்க்க முடியாது என்பதால் ஓர் இதழின் நகலைத் தரையில் வைத்திருக்கிறார்கள். நான் அதிக நேரம் நின்றது அதன் முன்னால்தான். பக்கத்தில் ஒரு தூணில் ஓட்டை போட்டு வைத்திருக்க, குழந்தைகள் வரிசையில் நின்று அதில் நுழைந்து வெளியே வந்துகொண்டிருந்தார்கள். கூடம் முழுக்க அவர்கள் சிரிப்புதான்.

உங்கள் தூரிகையும் அந்தக் கயிறும் பத்திரமாக இருக்கின்றன! மண்டபத்துக்குப் பின்னால் ஷோசோ-இன் என்ற மரக் களஞ்சியத்தில், ஷோமு இறந்த பின் 756-ல் அரசி கோம்யோ அவருடைய உடைமைகளைக் காணிக்கையாகக் கொடுத்தார். அந்தத் தொகுப்பில் இன்று சுமார் 9,000 பொருள்கள். உங்கள் தூரிகையும் அவற்றில் ஒன்று. களஞ்சியத்தை வெளியிலிருந்துதான் பார்க்கலாம். ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் சில பொருள்களை மட்டும் எடுத்து நாரா தேசிய அருங்காட்சியகத்தில் வைக்கிறார்கள். முதல் தீ விபத்துக்குப் பின் 1185-ல் புத்தருக்கு மறுபடி கண் திறந்தபோது, துறவு பூண்ட பேரரசர் கோ-ஷிராகவா கையில் எடுத்தது உங்கள் தூரிகையைத்தான்.

அங்கிருந்து கல் பாவிய சரிவுப் பாதையில் ஏறினால் நிகட்சு-டோ என்ற மண்டபம். மேல் திண்ணையில் நின்றால் ஊர் முழுக்கத் தெரிகிறது. கண் திறப்பு நடந்த அதே 752-ல் இங்கே தொடங்கிய ஷுனி-ஏ என்ற நோன்பு, ஓர் ஆண்டுகூட விடாமல் ஒவ்வொரு மார்ச் மாதமும் நடக்கிறது. கூட்டம் வருவது இந்தத் திண்ணையில் சுழற்றும் பெரிய தீப்பந்தங்களுக்காக. வழிகாட்டி எனக்குச் சொன்னதோ வேறொன்று. இரண்டு இரவுகளில், இந்தக் கோயிலுக்குப் பாடுபட்டு மறைந்தவர்களின் பெயர்ப்பட்டியலைத் துறவிகள் உரக்க வாசிப்பார்களாம். ஷோமு, கோம்யோ, கியோகி என்று தொடங்கும் பட்டியலில், மரம் கொடுத்தவர்களும் கூலிக்கு உழைத்தவர்களும் பெயராக இல்லாவிட்டாலும் எண்ணிக்கையாக வருகிறார்கள். அதில் பெரிய புத்தரின் கண் திறந்த இந்தியத் துறவி என்று நீங்களும் இருக்கிறீர்கள். கோப்பைத் திறந்து அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினார். எனக்கு அந்த எழுத்து தெரியாது. ஆனாலும் தொட்டுப் பார்த்தேன்.

பிறகு கசுகா கோயிலின் கல்விளக்குகள், நாராமாச்சியின் ஒடுங்கிய பழைய வீடுகள், சீமைப்பனிச்சை இலையில் பொதிந்த மீன் சோறு. எல்லாம் நன்றாகவே இருந்தன. என் மனம் மட்டும் மேலே திண்ணையிலேயே நின்றுவிட்டது.

நீங்கள் தங்கியிருந்த டைஆன்-ஜியும், உங்கள் சமாதி இருக்கும் ரியோசென்-ஜியும் இந்த ஒருநாள் நடையில் வருவதில்லை. ரியோசென்-ஜிக்கு டோமியோ நிலையத்தில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும் என்று வழிகாட்டி ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார். நாளைக் காலை அங்கே வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் தென்னாட்டிலிருந்து வந்த ஒருவன்