பியூக் இசை நம் காதுக்கு எட்டாததா?

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் பத்திரிகையின் ஞாயிறு இதழில் அண்மையில் வெளிவந்த மேலைத்தேய இசை பற்றிய கட்டுரையில், ஜேர்மனிய இசையமைப்பாளர் யொஹான் செபஸ்தியான் பாஹின் ஓர்கன் பியூக்குகள் தாளில் போட்ட கணக்குகள் என்றும், இராகத்தில் ஊறிய தமிழ்க் காதுக்கு அவற்றில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை என்றும் எழுதப்பட்டிருந்தது. இதனை என்னால் ஏற்க முடியவில்லை. பியூக் என்பது, ஒரே மெட்டைப் பல குரல்கள், அதாவது வாத்தியத்தின் தனித்தனி இசையிழைகள், ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பின்னிச் செல்லும் இசை வடிவம். கிளிநொச்சியில் எங்கள் சனசமூக நிலையத்தில் மாலை வேளைகளில் கூடும் சிலர், ஜி என்ற சுரத்தை ஆதாரமாகக் கொண்ட பாஹின் 'ஜி மைனர்' பியூக் ஒன்றைத் திரும்பத் திரும்பக் கேட்டு விவாதித்து வருகின்றோம். எங்களுள் ஒருவர் கோயில் நாதஸ்வர வித்துவான். இன்னொருவர் தேவாலயத்தில் கீபோட் வாசிப்பவர். ஏனையோர் முறையாக இசை கற்றவர்கள் அல்லர்.

அதே சுருதியில் பெரிய பியூக் ஒன்றும் இருப்பதால் 'சிறிய' என்ற அடைமொழியோடு வழங்கும் இவ்வுருப்படி, ஏறத்தாழ நான்கு நிமிடங்களில் முடிந்துவிடும். ஜி என்பதைச் சட்ஜமாகக் கொண்டால், 'ச ப க ரி ச க ரி ச நி ரி' என்று தொடங்கி மந்திர பஞ்சமத்துக்கு இறங்கும் அதன் மெட்டு, கீரவாணி இராகத்தின் சுரத்தானங்களிலேயே நடக்கின்றது. வித்துவான் இரண்டாம் முறை கேட்கும்போதே அதை வாயால் பாடிக் காட்டினார். பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை என்பதற்கு இதைவிட வேறு மறுப்புத் தேவையில்லை.

மெட்டு துணையெதுவுமின்றித் தனியாகவே தொடங்குகின்றது. மேற்குரல் அதைப் பாடி முடித்ததும் அடுத்த குரல் பஞ்சமத்தைச் சட்ஜமாகக் கொண்டு அதே மெட்டை எடுக்க, முதற்குரல் ஓய்ந்துவிடாமல் அதற்கு எதிராக வேறொரு மெட்டைப் பின்னிக்கொண்டு போகின்றது. பின்னர் மூன்றாம் குரலும், இறுதியாக ஓர்கன்காரர் கால்களால் வாசிக்கும் அடிக்குரலும் சேருகின்றன. ஒற்றை மெட்டைத் தொடர்ந்து பழகிய நமக்கு உண்மையான சிரமம் இங்கேதான் வருகின்றது: புதிதாக நுழைந்த குரலைப் பற்றிக்கொண்ட காது, பழைய குரலைக் கைவிட்டுவிடுகின்றது. ஒரு முறை மேற்குரலை மட்டும், மறுமுறை அடிக்குரலை மட்டும் என்று கேட்டு வந்தால் இது படிப்படியாகச் சரியாகும்.

ஓர்கனில் கட்டையை அழுத்தினால் குழாய்க்குக் காற்றுப் போகும். மெதுவாக அழுத்தினாலும் ஓங்கி அழுத்தினாலும் ஒலியின் அளவு ஒன்றே. சுரத்தை அசைத்து இசைக்கும் கமகமும் இல்லை. எனவே மெட்டு எங்கே நுழைகின்றது என்பதை அழுத்தம் கொடுத்துக் காட்ட வாசிப்பவரால் இயலாது. அதை மெட்டின் அமைப்பே செய்தாக வேண்டும். விரைந்தோடும் சுரங்களுக்கு நடுவே 'ச ப க' என்ற நீண்ட சுரங்கள் தனித்துத் தெரிவது இதனாலேயே. இப்படி அமைத்தவர் காதுக்காகவே எழுதினார் என்பதே என் துணிபு. 1705இல் புக்ஸ்டகூட என்ற ஓர்கன் வித்துவானின் வாசிப்பைக் கேட்பதற்கென்று ஜேர்மனியின் ஆர்ன்ஸ்ரட் நகரிலிருந்து லூபெக் நகர் வரை, கிளிநொச்சியிலிருந்து கொழும்புக்குப் போவதைவிட நீண்ட தூரத்தை நடந்தே சென்றவர் அவர்.

கைபேசியின் சிறு ஒலிபெருக்கியில் கேட்போருக்கு ஒரு வேண்டுகோள். காலால் வாசிக்கும் அடிக்குரல் அதில் ஏறக்குறைய மறைந்துபோகும். பியூக்கின் கால்வாசியை இழந்துவிட்டு இசை வறண்டது என்று சொல்வது நியாயமாகாது. நல்ல ஸ்பீக்கர் பெட்டியோ ஹெட்போனோ அவசியம்.

எங்களுக்குள் தீராத வாதங்களும் உண்டு. மெட்டு வராத இடைப்பகுதிகள் வெறும் நிரப்பல் என்றார் கீபோட் வாசிக்கும் தம்பி. அப்பகுதிகள் வழியாகத்தான் இசை சுருதி மாறிப் போய், அதே மெட்டு சங்கராபரண இராகச் சாயலில் மலர்கின்றது என்பது என் வாதம். நடுவே ஒரு குரல் மெட்டைத் தொடங்கிவிட்டு நிறுத்த, மேற்குரல் அதை வாங்கி முடிக்கும் இடத்தை எல்லோரும் இரசித்தோம். ஆனால் கடைசிச் சுரக்கூட்டில் சாதாரண காந்தாரத்தை விட்டு அதைவிட உயர்ந்த அந்தர காந்தாரம் ஒலிப்பதை வித்துவான் அந்நிய சுரம் என்றே சொல்கின்றார். மைனரில், அதாவது சாதாரண காந்தாரத்தோடு, அமைந்த உருப்படியை மேஜரில், அதாவது அந்தர காந்தாரத்தோடு, முடிப்பது அக்காலத்து வழக்கம் என்று விளக்கியும் அவர் சமாதானமாகவில்லை. அவர் பக்கமும் நியாயம் இருக்கின்றது.

கட்டுரையாளர் எடுத்துக்காட்டிய, டொக்காட்டா என்ற விரைந்த முன்பகுதியும் பியூக்கும் சேர்ந்த டி மைனர் உருப்படி, பேய்ப் படங்களால் பிரபலமானது. அது பாஹ் எழுதியதுதானா என்று 1981இல் பீற்றர் வில்லியம்ஸ் என்ற ஆய்வாளர் கேள்வி எழுப்பியதிலிருந்து வாதம் தொடர்கின்றது. அந்த ஒன்றை வைத்து எல்லாப் பியூக்குகளையும் எடைபோட்டது பொருந்தாது. இசைக் கட்டுரைகளோடு, எந்த உருப்படியில் தொடங்கலாம், அதில் எதைக் கவனிக்கலாம் என்ற குறிப்பையும் தாங்கள் வெளியிட்டால், எங்களைப் போன்ற வாசகர்கள் கேட்டுப் பார்த்தே உடன்படவோ மறுக்கவோ இயலும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற சங்கீத ஆசிரியர்,
கிளிநொச்சி.